ஈஎக்ஸ்டி4 செக்சம் கோப்பின் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பதில்லை

லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4-இல் செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்) இருப்பதால், கெட்டுப்போன கோப்பைப் படிக்கும்போதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிழை காட்டிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பலர் இதை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போடக்கூடும் என்பதால் ஒரு திருத்தம்.

2012-இல் சேர்க்கப்பட்ட அந்தச் செக்சம் ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு), டைரக்டரி, ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) போன்ற மெட்டாடேட்டாவுக்கு, அதாவது கோப்புகளைப் பற்றிய நிர்வாகத் தகவலுக்கு, மட்டுமே. கோப்பின் உள்ளே ஒரு பைட் மாறி, வட்டும் அதைப் பிழையின்றித் தந்துவிட்டால், ஈஎக்ஸ்டி4 அப்படியே உங்களிடம் கொடுத்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். ஓர் இமேஜ் கோப்பை (ஒரு வட்டைப் போலப் பயன்படுத்தக்கூடிய கோப்பு) ஈஎக்ஸ்டி4-ஆக ஃபார்மட் செய்து மவுன்ட் பண்ணி, நூறு கேபி அளவில் ஓர் உரைக்கோப்பை எழுதுங்கள். அன்மவுன்ட் செய்து, அந்த இமேஜ் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை நேரடியாக மாற்றும் கருவி) திறந்து, அந்த உரையின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். மறுபடி மவுன்ட் செய்து படித்தால், மாறிய எழுத்து சத்தமில்லாமல் வரும். இதையே பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் கோப்பு முறைமையில் இயல்பு அமைப்பில் செய்தால் 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று நிற்கும். அது தரவுக்கும் செக்சம் வைக்கிறது.