ஜன்னல்ல இருக்கு பாருங்க

நேற்று மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். "ஜன்னல்ல இருக்கு பாருங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ஜன்னலில் என்றால் எங்கே, கம்பியிலா, கதவிலா? ஆனாலும் கை நேராக அங்கேதான் போனது. கம்பிக்கு முன்னால் சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்குமே, அந்த இடத்துக்கு. அதற்கு என்ன பெயர்? ஆளாளுக்கு ஜன்னல் திட்டு, ஜன்னல் கட்டை, ஜன்னல் விளிம்பு என்கிறார்கள், கொத்தனாரைக் கேட்டால் இங்கிலீஷில் 'சில்' என்று முடித்துவிடுகிறார்.

ஜன்னல் என்பதே போர்த்துகீசியரின் ஜனேலாதான். நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சாளரம் இருக்கிறது, பலகணி இருக்கிறது. எல்லாமே அந்த ஓட்டைக்கு வைத்த பெயர்கள், அடியில் இருக்கிற திட்டை யாரும் சீண்டவில்லை.

பாட்டி வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். மேலே இரண்டு கீழே இரண்டு என்று நாலு மரக்கதவு, நடுவில் நெட்டுக்குத்தான இரும்புக் கம்பி. கீழ்க்கதவைத் திறந்துவிட்டு அந்தத் திட்டில் ஏறி, கம்பிக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நான் முழுப் பரீட்சை லீவையும் கழித்தேன். தைல பாட்டில், விபூதிச் சம்படம், பாதி எரிந்த மெழுகுவத்தி, பால் கணக்கு எழுதின நோட்டு எல்லாம் என்னோடுதான் உட்கார்ந்திருக்கும்.

இப்போது இருக்கும் பிளாட்டில் சுவரே ஆறு அங்குலம். அதில் மூன்று டிராக் வைத்த ஸ்லைடிங் ஜன்னல் (ஒன்று கொசுவலைக்கு), அது போக மிச்சம் இரண்டு விரல்கடை. வெளிப்பக்கம் இன்னும் மோசம், தண்ணீர் வெளியே வழிய வாட்டம் கொடுத்து, அடியில் சொட்டுவதற்கு நீளப் பள்ளமாக ஒரு காடியும் வெட்டியிருக்க வேண்டும், இரண்டும் இல்லை. ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப் பெயின்ட் உப்புகிறது. பிளாட் வாங்கும்போது கார் பார்க்கிங், லிஃப்ட், தண்ணீர் எல்லாம் கேட்டேன். பேர் தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது?

மூக்குக் கண்ணாடி இரண்டாவது தடவை கீழே விழுந்து கீறல் விட்டதும் ஆசாரியைக் கூப்பிட்டேன். என்ன வேண்டும் என்றார். சொல்லத் தெரியாமல் கையால் காற்றில் ஒரு பலகை வரைந்து காட்டினேன்.

"ஓ, ஜன்னல்ல சாமான் வைக்கவா சார்?" என்று டேப்பை எடுத்துவிட்டார்.