'நவம்பர்': திருடுவதற்கென்றே செய்யப்பட்ட வேலைக்காரன்

மூன்று மரக்கால்களில் தத்தித் தத்தி வரும் ஏதோ ஒன்று தொழுவத்துக்குள் நுழைகிறது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விலங்கின் மண்டையோடு இருக்கிறது. உடம்பு முழுவதும் பழைய பண்ணைக் கருவிகளின் இரும்பும் கட்டையும்தான். அது அங்கிருந்த மாட்டைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, சுழன்று சுழன்று வானில் எழும்பி, தன் எசமானனின் முற்றத்தில் கொண்டுவந்து போடுகிறது. போட்டதும் அது கேட்பது ஒன்றுதான்: அடுத்த வேலை என்ன?

வட ஐரோப்பாவின் சிறு நாடான எஸ்தோனியாவின் 'நவம்பர்' திரைப்படம் இப்படித் தொடங்குகிறது. ஆந்த்ருஸ் கிவிராக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, ரைனர் சார்னெட் 2017இல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் இது. இதை முதன்முறை பார்த்தபோது அதன் அழகு மட்டுமே என் நினைவில் தங்கியது. இரண்டாம் முறை பார்த்த பிறகு, 'இருண்ட மாயக்கதை' என்ற பெயர்ப்பலகை இதற்குப் பொருந்தவில்லை என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன். என் பார்வையில் இது வறுமையையும் திருட்டையும் பற்றிய படம். மாயம் என்பது இங்கே அந்தக் குடியானவர்களின் வீட்டுக் கணக்கில் வரும் ஒரு சாதாரண வரவினம்.

அந்த மூன்றுகால் உருவத்துக்கு எஸ்தோனிய மொழியில் 'கிராட்' என்று பெயர். கையில் கிடைக்கும் உடைசலையெல்லாம் கட்டி உருவமாக்கி, நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானை அழைத்து, மூன்று சொட்டு இரத்தம் கொடுத்தால் அது உயிர்பெறும். பிறகு அண்டை வீட்டிலிருந்தும் பண்ணை மாளிகையிலிருந்தும் பொருள்களைத் திருடிவந்து சேர்க்கும். ஆனால் அதற்கு வேலை ஓயக் கூடாது. ஓய்ந்தால் எசமானன் மீதே பாய்ந்துவிடும். இடைவிடாமல் வேலை கேட்டு நச்சரிக்கும் பூதத்தின் கதையைச் சிறுவயதில் கேட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். படத்தில் அதிலிருந்து தப்பிக்க எசமானன் ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: ரொட்டியால் ஓர் ஏணி செய்து தரச் சொல்கிறான். முடியாத வேலையோடு மல்லாடி அந்தக் கிராட் தீப்பற்றி எரிந்துபோகிறது.

சாத்தானிடம் ஆன்மாவை விற்கும் கதைகளில் அந்த விற்பனை பெரும் துன்பியல் நிகழ்வாகவே வழக்கமாகக் காட்டப்படும். இந்தப் படத்திலோ, இரத்தத்துக்குப் பதிலாகக் கருந்திராட்சை போன்றதொரு சிறுபழத்தின் சாற்றைச் சொட்டிச் சாத்தானையே ஏமாற்றுகிறார்கள். ஆன்மா இவ்வளவு மலிவாகப் பேரம் பேசப்படுவது ஏன் என்பதற்கான விடை அந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்வீரர்கள் அந்நாட்டைக் கைப்பற்றியதிலிருந்து, ஆட்சிகள் மாறினாலும் நிலம் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசும் பிரபுக்களிடமே இருந்தது. எஸ்தோனியக் குடியானவர்கள் பண்ணையடிமைகளாக, விற்கவும் வாங்கவும் படுபவர்களாக வாழ்ந்தார்கள். ரஷ்யப் பேரரசின் கீழ், வடக்கே 1816இலும் தெற்கே 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு முழம் நிலம்கூடக் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று பதிவானதே அதன் பிறகுதான். உடம்பே தனக்குச் சொந்தமில்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனிடம் வந்து சாத்தான் ஆன்மாவை விலை கேட்டால், அவன் எப்படி அஞ்சுவான்?

இந்தப் பார்வையோடு பார்த்தால் படத்தின் வினோதங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகின்றன. தேவாலயத்தில் இயேசுவின் உடலாகக் கருதிக் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை விழுங்காமல் வெளியே கொண்டுவந்து, துப்பாக்கியில் குண்டோடு சேர்க்கிறார்கள். இயேசுவின் உடலை எந்த விலங்கும் தாங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. மதம் மாறியிருக்கிறார்கள், ஆனால் புதிய கடவுளிடமும் அவர்கள் தேடுவது அடுத்த வேளை இறைச்சியைத்தான். கொள்ளைநோய் ஊருக்குள் வரும்போது, தலையில் காற்சட்டையை மாட்டிக்கொண்டு தரையில் குந்தியிருந்து, தங்களுக்கு இரண்டு பின்புறங்கள் இருப்பதாக அதை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாம் முறையும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இறந்தோர் நாளன்று முன்னோர்கள் வெள்ளுடையில் காட்டின் வழியே நடந்துவந்து, பிள்ளைகள் படைத்த உணவை உண்டு, பிறகு நீராவிக் குளியலறைக்குள் நுழைந்ததும் ஆளுயரக் கோழிகளாக மாறி நிற்கிறார்கள். அதற்குப் படத்தில் யாரும் விளக்கம் சொல்வதில்லை, சொல்லாததே நல்லது.

ஒளிப்பதிவாளர் மார்ட் தானியல் இந்தப் படத்துக்காக நியூயார்க்கின் 2017 டிரைபெக்கா திரைப்பட விழாவில் விருது பெற்றார். அது முழுக்கத் தகுதியான விருது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. சேறும் புகையும் நிறைந்த குடிசைகள்கூடச் சில இடங்களில் சட்டம் போட்டு மாட்டிய ஓவியம்போல் ஆகிவிடுகின்றன. வயிற்றுப் பசியின் அருவருப்பைக் கண்ணின் இன்பம் மழுங்கடித்துவிடுகிறது. நாட்டார் நம்பிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதால், கதையின் நடுவே இருக்கும் லீனாவின் காதலும் நெடுநேரம் காணாமல் போகிறது. இரவில் ஓநாயாக மாறித் திரியும் லீனா ஹான்ஸை விரும்புகிறாள். ஹான்ஸோ ஜெர்மன் பிரபுவின் மகளை எண்ணி ஏங்குகிறான். பிரபுவின் மகளைப் பொறுத்தவரை, தூக்கத்தில் நடக்கும் ஓர் அழகிய வெண்மை என்பதைத் தாண்டி இயக்குநர் அவளுக்கு எதையும் தரவில்லை.

இத்தனை குறைகளையும் ஒரு பனிமனிதனுக்காக நான் மன்னித்துவிடுகிறேன். ஹான்ஸ் தன் கிராட்டைப் பனியால் செய்கிறான். அதற்குச் சாமான் தூக்கிவரும் வேலையில் நாட்டமில்லை, பேசத்தான் தெரியும். பனியாவதற்கு முன் தண்ணீராக உலகெங்கும் ஓடிய நினைவுகள் அதனிடம் இருக்கின்றன. கால்வாய்களில் படகுகள் செல்லும் ஒரு தொலைதூர நகரத்தில் தான் கண்ட காதலர்களைப் பற்றி அது சொல்லச் சொல்ல, ஊரே திருட்டுப் பொருளுக்காகச் சாத்தானிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும் அந்த நவம்பரில், ஹான்ஸ் அதன் முன் அமர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்குச் சொல்ல இன்னும் எத்தனையோ கதைகள் இருக்கும்போதே அது உருகத் தொடங்கிவிடுகிறது.