பம்ப் அழுத்தத்தை விடத் தண்ணீர் முக்கியம்
20 பார் (பார் என்பது அழுத்த அளவு) மெஷினில் எஸ்பிரெசோ, அதாவது அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி, 15 பார் மெஷினை விட நன்றாக வரும் என்று காபி மெஷின் வாங்குவது பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பது சரியாகப் படவில்லை. அந்த 15, 20 எல்லாம் பம்பு தரக்கூடிய உச்ச அளவு. காபி இறங்கச் சுமார் 9 பார் போதும். எங்கள் பல்லடம் பக்கமெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்குக் கவலை குறைவு. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் பாய்லருக்குள் உப்புப் படிந்துவிடும். என் மெஷினைக் கழற்றிய சர்வீஸ்காரர் காட்டியது அசல் சுண்ணாம்பு! அதனால் டீஸ்கேல் செய்ய (படிந்த உப்பை நீக்க) எளிதான மாடலா, உள்ளூரில் சர்வீஸ் கிடைக்குமா என்று விசாரித்து வாங்குங்கள். அப்புறம், சிக்கரி கலந்த தூள் இந்த மெஷினில் போடலாமா என்று கட்டுரையின் கருத்துப் பகுதியில் கேட்டவருக்கு: வேண்டாங்க, சிக்கரி நனைந்தால் பிசுபிசுத்து வடிகட்டியை அடைக்கும். அந்தத் தூளுக்கு நம் டிகாஷன் ஃபில்டரே போதும்.