"லிங்க் ப்ளீஸ்" கேட்பவர்களுக்கு

யாரோ ஒரு பெண்ணின் வீடியோ 'லீக்' ஆகிவிட்டதாம். செய்தி வந்த சற்று நேரத்திலேயே கீழே கமெண்ட்டுகள் குவிகின்றன: "லிங்க் ப்ளீஸ்", "இன்பாக்ஸ் பண்ணுங்க ப்ரோ". கேட்பவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்படி வரும் லிங்க்குகள் பலவற்றில் வீடியோவே இருக்காது. 2008இலேயே ஃபேஸ்புக்கில் கூப்ஃபேஸ் என்ற வைரஸ் இப்படித்தான் பரவியது. நண்பரின் கணக்கிலிருந்தே வீடியோ லிங்க் வரும். தட்டினால் ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லும். செய்தால் கம்ப்யூட்டர் திருடன் வசம். ஃப்ளாஷையே அடோபி 2020 முடிவில் நிறுத்திவிட்டது, இந்த ஏமாற்று இன்னும் ஓடுகிறது. இப்போது "வயதை உறுதிசெய்ய லாகின் செய்யவும்" என்று ஃபேஸ்புக் போலவே ஒரு பக்கம் வரும், அல்லது ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) ஒன்று இறங்கும். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கொடுத்தால் வங்கி ஓடிபி அவன் கைக்குப் போகும். 'அக்சஸிபிலிட்டி' அனுமதி அதைவிட மோசம்: திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அவனால் முடியும்.

பணம் போவதைவிட எனக்கு வலிப்பது வேறு. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை இன்னொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். அவர் வெளிப்படையாகப் பேசினார், நாடே பேசியது, 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவிக்கு இது நடந்தால் யார் பேசுவார்கள்? வீடியோ போலியென்று அவள் எத்தனை பேரிடம் நிரூபிப்பாள்? உண்மையாகவே இருந்தாலும், அதைப் பார்க்க நமக்கு என்ன உரிமை? லிங்க் கேட்கும் ஒவ்வொரு கமெண்ட்டும் அவள் பெயரை இன்னும் நாலு பேர் தேட வைக்கிறது. ஃபார்வர்ட் செய்வது குற்றமும்கூட. ஐடி சட்டம் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? வெறுமனே திறந்து மூடியிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆப் இறக்கியிருந்தால் உடனே நெட்டை அணைத்து அதை நீக்குங்கள், வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்ணின் அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் அவளைத் திட்டாதீர்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்திலிருந்து உங்கள் போனிலேயே உருவாகும் ஓர் அடையாளக் குறியீடு மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். சிறுமி என்றால் 'டேக் இட் டவுன்' என்ற தளம். போலீஸ் புகாரையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.