மய்யித்தை அடக்கியாச்சு, சொத்துப் பாகத்தை எப்போ பிரிக்கப் போறீங்க?

ஜனாஸா (இறுதிச் சடங்கு) விஷயத்தில் நம் முஸ்லிம் சமுதாயம் காட்டும் வேகம் வேறெதிலும் கிடையாது. சில மணி நேரத்தில் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, தொழுது அடக்கிவிடுகிறோம். "மவுத்தானவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் மகன்மாரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பும் தவறாமல் வந்துவிடும். சொத்துப் பேச்சை எடுத்தால் மட்டும், "கப்ரு மண்ணே காயலை, அதுக்குள்ள பங்கா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். மண் காய்ந்து, புல் முளைத்து, அதே குடும்பத்துக்கு அடுத்த கப்ரும் தோண்டியாச்சு, பாகம் பிரித்தபாடில்லை.

தொழுகைக்கு எத்தனை ரக்அத், ஜகாத் எனும் கட்டாய தர்மம் எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் நாம் நபிமொழியான ஹதீஸிலிருந்துதான் எடுக்கிறோம். வாரிசுப் பங்கையோ குர்ஆனே பின்னக் கணக்கோடு சொல்லிவிடுகிறது. நிஸா அத்தியாயத்தில் 11, 12, 176 என மூன்று வசனங்கள். அதன் பின்னணியில் சொல்லப்படும் சம்பவமும் ஒரு கைம்பெண்ணின் புகார்தான். உஹத் போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். சொத்து முழுவதையும் ஸஅதின் சகோதரர் எடுத்துக்கொண்டார் என்கிறார். தீர்ப்பு வருகிறது: மகள்கள் இருவருக்கும் சேர்த்து 2/3, மனைவிக்கு 1/8, மிச்சம்தான் அந்தச் சகோதரருக்கு.

பிரிக்கும் வரிசை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். முதலில் அடக்கச் செலவு. அடுத்து கடன். கடன் என்றால் கடைக் கணக்கு மட்டுமல்ல, மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (மணக்கொடை) கடன்தான். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் கேட்பதுமில்லை, மனைவியும் வாய் திறப்பதில்லை. நிலுவையில் உள்ள ஜகாத் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) பங்குக்கு முன்பே கழிக்கப்படும். ஹனஃபியில் இறந்தவர் வஸிய்யத் (மரண சாசனம்) செய்திருந்தால் மட்டும், மூன்றில் ஒரு பகுதிக்குள் கழியும். மூன்றாவதாக வஸிய்யத்: அதிகபட்சம் 1/3, அதுவும் வாரிசு அல்லாதவருக்கு. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் மீராஸ், அதாவது வாரிசுகளுக்குரிய சொத்து.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் இறக்கிறார். மனைவி, தாய், தகப்பன், இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மிச்சச் சொத்தை 120 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு 1/8, அதாவது 15. தாய்க்கு 1/6, 20. தகப்பனுக்கும் 1/6, 20. மிச்சம் 65. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐந்தாக்கினால் மகன்களுக்கு 26, 26, மகளுக்கு 13. இறந்தவரின் தம்பிக்கும் தங்கைக்கும் ஒன்றுமில்லை. ஒரு காகிதமும் அரை மணி நேரமும் போதும்.

இப்போது பிரிக்காமல் விடுவோம். "பெத்தவங்க இருக்கும்போது பங்கு போடக் கூடாது" என்று ஒரு பேச்சு உண்டே, அதைக் கேட்டு விட்டதாகவே வைத்துக்கொள்வோம். சில வருடத்தில் அந்தத் தாய் மவுத். அவருடைய 20 பங்கில் கணவருக்கு 1/4, அதாவது 5. மீதி 15-இல் உயிரோடிருக்கும் மகனுக்கு 10, மகளுக்கு 5. மகன் உயிரோடு இருப்பதால், முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் வராது. அடுத்து தாத்தாவும் மவுத். அவரிடம் சேர்ந்திருந்த 25-உம் அந்த மகனுக்கும் மகளுக்குமே போகும். ஆக 120-இல் 40, மூன்றில் ஒரு பகுதி, முதல் நாள் பட்டியலில் பெயரே இல்லாத சித்தப்பா, அத்தை கைக்குப் போய்விட்டது.

அவர்கள் அநியாயம் செய்யவில்லை, ஷரீஅத்தின்படி அது அவர்கள் உரிமை. கோளாறு பிரிக்காமல் விட்டதில்தான். தாத்தாவும் பாட்டியும் தங்கள் பங்கை உயிரோடிருக்கும்போதே கையில் வாங்கியிருந்தால், வீட்டை மருமகளுக்கு விட்டுவிட்டுத் தங்கள் பங்கை வேறு சொத்திலோ ரொக்கமாகவோ எடுத்திருக்கலாம். மனமிருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஹதியாவாக (அன்பளிப்பாக) கொடுத்திருக்கலாம். எதுவும் நடக்காததால் கைம்பெண் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே நான்கைந்து பேர் பங்காளிகளாக நிற்கிறார்கள். இன்னொரு தலைமுறை போனால் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் இருபது பேர் ஆகிவிடுவார்கள். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் மைனர், ஒருவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை.

இன்னொரு சிக்கல் வியாபாரம். வாரிசுரிமை பத்திரம் எழுதும் நாளில் தொடங்குவதல்ல, உயிர் பிரிந்ததுமே தொடங்கிவிடுகிறது. அன்றிலிருந்து வரும் வாடகையும் எல்லோருக்கும் உரியது. மூத்த மகன் கடையை எடுத்து நடத்திப் பத்து வருடத்தில் இரண்டு மடங்கு ஆக்கிவிட்டால், அந்த லாபம் யாருடையது? அவர் கூலியாளா, கூட்டாளியா, மற்றவர்களின் முதலீட்டைக் கேட்காமல் பயன்படுத்தியவரா? அன்றைக்கே இருப்பை எண்ணி எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. வங்கி நாமினி விஷயத்திலும் இதே குழப்பம்தான். பணத்தை வாங்கிப் பங்கு வைக்கும் பொறுப்புதான் நாமினிக்கு. நாமினி என்பதாலேயே பணம் அவருடையது ஆகிவிடாது.

சகோதரிகளின் பங்குக்கு வருகிறேன். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பதை மேடையில் நியாயப்படுத்தாத பேச்சாளர் இல்லை. எனக்கு ஒரு கேள்விதான்: அந்த ஒன்றையாவது கொடுத்தீர்களா? "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பது பதில் ஆகாது. தகப்பன் உயிரோடிருந்தபோது கொடுத்தது அன்பளிப்பு, அதை மீராஸில் கழிக்க முடியாது. "அவளே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா" என்பதையும் நான் லேசில் நம்புவதில்லை. தன் பங்கு எவ்வளவு என்று தெரியாமல், அண்ணன்மார் சூழ்ந்திருக்க, தாய்வீட்டு வாசல் மூடிவிடுமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்துக்கு விட்டுக்கொடுத்தல் என்றா பெயர்? பங்கை அவள் பெயரில் பதிந்து, கையில் கொடுங்கள். பிறகும் அவள் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் திருப்பித் தருவார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

மகளுக்குப் பங்கு போவதைத் தவிர்க்கவே சிலர் உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் மகன்கள் பெயருக்கு எழுதிவைக்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தகப்பன் ஓர் அன்பளிப்பு கொடுத்து, நபியவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, "எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்தார்கள். மரண நோயில் எழுதிக் கொடுப்பதோ வஸிய்யத்தின் கணக்கில்தான் சேரும்.

என் கருத்து இதுதான். நிக்காஹ் (திருமண) பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் மீராஸ் பதிவேடும் வைக்க வேண்டும். கணவன் இறந்தபின் மனைவி காத்திருக்கும் இத்தா காலமான 4 மாதம் 10 நாளுக்குள் சொத்து, கடன், மஹர் பாக்கி, வாரிசுகள், அவரவர் பின்னம் ஆகியவை எழுதப்பட்டு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். யாரும் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, எவ்வளவு யாருக்கு என்பது காகிதத்தில் இருந்தால் போதும். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் பங்கை ஒதுக்கி வைத்துத்தான் எழுத வேண்டும்.

தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எகிப்து 1946-இல் கட்டாய வஸிய்யத் என்று சட்டம் போட்டு அவர்களுக்கு வழி செய்தது. பாகிஸ்தான் 1961-இல் இறந்த மகனின் இடத்தில் அவர்களை நிறுத்தியது. இதை ஏற்காத ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) நிறைய. சட்டம் வரட்டும், வராமல் போகட்டும், தாத்தாவின் கையில் 1/3 வரை எழுதும் அதிகாரம் எப்போதும் இருக்கிறது. வாரிசாகாத பேரப்பிள்ளைக்கு வஸிய்யத் செல்லும், யாருடைய சம்மதமும் தேவையில்லை. பிள்ளைகளின் பெயரைத் தெளிவாகப் போட்டு, "மொத்தத்தில் இத்தனை பங்கு" என்று பின்னமாக எழுதுங்கள். குறிப்பிட்ட மனையை எழுதிவைத்தால் அதை விற்ற அன்றே வஸிய்யத்தும் போய்விடும். சாட்சி இரண்டு பேர் போடட்டும்; ஒரு நகல் மகன்களிடமும் ஒரு நகல் மருமகளிடமும் இருக்கட்டும்.