பொறுப்பு யாருடையது?

மருந்து நிறுவனங்கள் தங்கள் ஆய்வுப் பணிகளை ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்தால் செலவு குறையும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் வாதம் சரியே. ஆனால் அந்தப் பணியை யார் மேற்பார்வையிடுவது என்பதைக் கட்டுரையாளர் தொடாமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. 2014-இல் பிரான்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஐதராபாத்தில் ஜிவிகே பயோசயன்சஸ் என்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தைச் சோதித்தபோது, மருந்துச் சோதனைக்கு வந்த தன்னார்வலர்களின் இசிஜி (இதயத் துடிப்பு) பதிவுகளில் குறைந்தது ஐந்து ஆண்டுகளாக முறைகேடு நடந்து வந்தது தெரியவந்தது. அங்கே நடந்தவை போன்ற, நகல் மருந்து (ஜெனரிக்) அசல் மருந்துக்குச் சமமானதா என்று பார்க்கும் சோதனையில் முக்கியமானது, மாத்திரை விழுங்கியவரிடம் குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பதுதான். இசிஜி துணைப் பதிவு மட்டுமே. எனினும் அதிலேயே கைவைத்தவர்களின் மற்றத் தரவுகளை எப்படி நம்புவது? 2015 ஜனவரியில், அந்நிறுவனத்தின் சோதனைகளை வைத்து அனுமதி பெற்றிருந்த ஏறத்தாழ 700 மருந்து வடிவங்களை நிறுத்திவைக்க ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. அவற்றால் தீங்கு நேர்ந்ததற்கோ அவை பலனளிக்கவில்லை என்பதற்கோ சான்று இல்லை என்றும் அம்முகமை சொன்னது. அதையும் இங்கே குறிப்பிடுவதே நேர்மை. பணியை ஒப்படைத்தாலும் தரவின் நம்பகத்தன்மைக்கான இறுதிப் பொறுப்பு மருந்து நிறுவனத்துடையதே என்று சர்வதேச மருத்துவச் சோதனை நெறிமுறைகள் தெளிவாகச் சொல்லும்போது, ஐந்து ஆண்டுகளாக அந்தத் தாள்களை யாருமே புரட்டிப் பார்க்கவில்லையா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.