'எம்' படத்துக்கு பிஜிஎம் போட்ட புண்ணியவான்களுக்கு

'எம்' என்ற பழைய படத்தின் காட்சிகளுக்குப் புதிதாகப் பின்னணி இசை ஏற்றி ஒரு தம்பி போட்டிருக்கும் அந்த ரீலை இன்னும் பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். நேற்றிலிருந்து ஆளாளுக்கு என்னை டேக் செய்கிறார்கள், "உங்க ஃபேவரைட் படம் அண்ணா" என்று. ஆமாம், என் ஃபேவரைட் படம்தான். அதனால்தான் வயிறு எரிகிறது.

இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்', 1931 மே மாதம் பெர்லினில் வெளியான ஜெர்மன் படம். அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் போலீஸ் ஒரு பக்கம் தேடுகிறது, ஊரிலுள்ள திருடர் கூட்டம் இன்னொரு பக்கம் தேடுகிறது. இந்தப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. ஒரு துளிகூடக் கிடையாது. நம் ரீல் தம்பி அதற்கு வயலின், டிரம்ஸ், பேஸ் எல்லாம் ஏற்றி, "பழைய படத்தில் இருந்த குறையைத் தீர்த்துவிட்டோம்" என்று தலைப்பும் வைத்திருக்கிறார். குறையாம்!

"அந்தக் காலத்தில் வசதி இல்லை, பாவம், என்ன செய்வார்கள்" என்று கீழே ஒருவர் இரக்கப்பட்டிருக்கிறார். ஐயா, லாங் ஒன்றும் இசை தெரியாத ஆள் இல்லை. 1927இல் வெளியான அவருடைய மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கே காட்ஃப்ரீட் ஹூப்பர்ட்ஸ் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதியிருக்கிறார். 'எம்' படத்தைத் தயாரித்தது நீரோ ஃபிலிம். அதே கம்பெனி அதே 1931இல் பாப்ஸ்ட் இயக்கத்தில் 'த்ரீபென்னி ஆபரா'வைப் படமாக்கி வெளியிட்டது. அதுவும் திருடர், பிச்சைக்காரர் கதைதான். குர்ட் வைல் பாட்டுகளோடு வந்தது. இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர்கூட ஒரே ஆள், ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர். பக்கத்து அறையில் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது ஒருவர் இசையே வேண்டாம் என்று படம் எடுக்கிறார் என்றால் அது இல்லாமை இல்லை. அவர் எடுத்த முடிவு. நம் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்ததும் அதே 1931தான், அதில் பாட்டு மேல் பாட்டு. ஒலி வந்த புதிதில் உலகமே அதை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்குப் பெயர் குறையா?

சரி, அந்த எல்ஸி காட்சிக்கு வருகிறேன். ரீலில் முதலில் வருவதே அதுதான். பள்ளி விட்டு மகள் வரும் நேரம். அம்மா துணி துவைத்துக்கொண்டே குக்கூ கடிகாரத்தைப் பார்க்கிறாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தாயிற்று. படிக்கட்டில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் வேறு வீட்டுப் பிள்ளைகள். மணி அடிக்கிறது, ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் தொடர்கதைப் புத்தகம் போடுகிறவர். கவனியுங்கள், அவளுக்கு வரும் ஒவ்வொரு நம்பிக்கையும் காதில்தான் வருகிறது. காதில்தான் உடைகிறது. பிறகு கூப்பிட ஆரம்பிக்கிறாள். "எல்ஸி!" காலியான படிக்கட்டு. "எல்ஸி!" துணி காயும் மேல்மாடிப் பரண். "எல்ஸி!" காலி நாற்காலி, தொடாத தட்டு. குரல் தேய்ந்து தேய்ந்து போய்விடுகிறது. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பியில் சிக்கித் தவிக்கிறது. அவ்வளவுதான். ஒரு கொலையை இதைவிட எப்படிக் காட்டுவது?

இதற்கு வயலினா? முதல் நொடியிலேயே வயலின் அழ ஆரம்பித்தால் பிள்ளை செத்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே. அந்தத் தாய்க்கு இருந்த நம்பிக்கையில் கால் பங்குகூட நமக்கு மிஞ்சவில்லையே. லாங் நம்மை அவளோடு காத்திருக்கச் சொன்னார். ரீல் தம்பி துக்கம் விசாரிக்க அனுப்பிவிட்டார்.

நான் இந்தப் படத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அம்மா அடுக்களையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். திரை அவள் கண்ணில் படவே இல்லை. ஜெர்மன் மொழி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஒரு செய்தி. அந்தக் கூப்பாடு வந்ததும் கையில் காயோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "யாருடா அது, பிள்ளையைக் காணோம்னு தேடுறா?" என்று கேட்டாள். சப்டைட்டில் இல்லை, வயலின் இல்லை, படம்கூட இல்லை. ஒரு குரல் மட்டும். அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியதைத்தான் லட்சக்கணக்கான பேருக்கு இசை போட்டு விளக்குகிறார்களாம்.

அடுத்தது போலீஸ், திருடர் காட்சி. இதில்தான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. தினம் தினம் ரெய்டு நடப்பதால் திருடர்களுக்குத் தொழில் படுத்துவிடுகிறது. பூட்டு உடைப்பதில் கைதேர்ந்த ஷ்ரேங்கர் தலைமையில் கூடிப் பேசுகிறார்கள். அதே நேரத்தில் போலீஸ் அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். லாங் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அங்கே ஒருவன் கையை நீட்ட ஆரம்பித்தால் இங்கே அதிகாரி அந்த வீச்சை முடிக்கிறார். இரண்டு அறையிலும் ஒரே புகை, ஒரே சலிப்பு, ஒரே பேச்சு. கொஞ்ச நேரத்தில் யார் போலீஸ், யார் திருடன் என்று நமக்கே குழம்பும். குழம்ப வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார். ரீலில் என்ன செய்திருக்கிறார்கள்? போலீஸ் வரும்போது சைரன், திருடர்கள் வரும்போது 'தும் தும்' என்று பேஸ். நம் மண்டைக்கு எட்டாதாம், கையைப் பிடித்துக் காட்டுகிறார்களாம். லாங் அழித்த கோட்டைத் திரும்ப சாக்பீஸ் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

"படத்தில் இசை இருக்கிறதே, அந்த விசில்?" என்று ஒரு மேதாவி கேட்டிருக்கிறார். வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். கொலைகாரன் பெக்கர்ட் விசிலடிப்பது க்ரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் மெட்டு. நடித்த பீட்டர் லோரேவுக்கு விசிலடிக்க வராது, கேட்பது என் விசில்தான் என்று லாங்கே சொல்லியிருக்கிறார். கதையே அந்த விசிலில்தான் நிற்கிறது. பலூன் விற்கும் பார்வையற்ற கிழவர் அதைக் கேட்டுத்தான் ஆளை அடையாளம் காண்கிறார். பிறகுதான் ஒரு பையன் உள்ளங்கையில் 'எம்' என்று சாக்பீஸால் எழுதி அவன் தோளில் அச்சுக் குத்துகிறான். படம் முழுக்கப் பின்னணி இசை இல்லாததால்தான் அந்த மெட்டு நம் முதுகில் ஊர்கிறது. சுற்றிலும் ஆர்கெஸ்ட்ரா இரைந்துகொண்டிருந்தால் அந்தக் கிழவருக்கு என்ன கேட்டிருக்கும்? கொலைகாரன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான், படமும் அரை மணியில் முடிந்திருக்கும்.

"ரீலைப் பார்த்தாவது நாலு பேர் படத்தைத் தேடிப் பார்ப்பார்கள், விடுங்கள்" என்பவர்களுக்கு: பார்ப்பார்கள், மறுக்கவில்லை. பார்த்துவிட்டு "என்னப்பா, ஆடியோ போய்விட்டதா" என்று கேட்பார்கள். படத்தில் சில இடங்களில் தெருச் சத்தம்கூட இருக்காது. அங்கே இவர்கள் ஃபோனைத் தட்டிப் பார்ப்பார்கள். "நீ ஒரு பூமர், மேட்டுக்குடி ரசனை" என்பவர்களுக்குப் பதில் இல்லை. அவரைக்காய் ஆயும் என் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். "ராஜா சார் பிஜிஎம்முக்கு உருகுகிற ஆள்தானே நீ" என்றும் ஒருவர். ஆமாம், உருகுவேன். அவர் எங்கே வாசிக்காமல் நிறுத்துகிறார் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசிப் பதினைந்து நொடி இருக்கிறதே! பெக்கர்ட் திரும்பிக் கண்ணாடியில் பார்க்கிறான், தோளில் 'எம்'. கண் பிதுங்கிவிடும் போல ஒரு பார்வை. திரைப்படங்களில் நான் பார்த்த மிகப் பெரிய பயம் அது. அதை ஸ்லோமோஷனாக்கி, டிரம்ஸ் அடித்து, 'மாஸ்' என்று எழுத்து வருகிறது. குழந்தைகளைக் கொல்கிறவனுக்கு இன்ட்ரோ பிஜிஎம்! கீழே ஃபயர் எமோஜி வரிசை. அதில் என் நண்பர்கள் பெயரும் இருக்கிறது, பார்த்தேன்.

"சும்மா எடிட்தானே, இதற்கு இவ்வளவு ஆத்திரமா?" சும்மா எடிட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பீட்டர் லோரே யூதர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். படத்தின் முடிவில், பாழடைந்த சாராய ஆலையில், திருடர்களே நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், என்னால் என்னை அடக்க முடியவில்லையே என்று அவர் கதறுவார். நாஜிகள் 1940இல் எடுத்த யூத வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் அந்தக் கதறலை வெட்டி ஒட்டி, மேலே தங்கள் விளக்கத்தைப் பேசினார்கள். நடிகரையும் பாத்திரத்தையும் ஒன்றாக்கி, ஒரு இனத்தையே அப்படிக் காட்டினார்கள். ரீல் தம்பியை நாஜி என்று சொல்கிறேனா? சொல்லவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் காத்திருப்பவர்கள் இந்த வரியையும் சேர்த்து எடுங்கள். ஒருவனுடைய குரல் மேல் இன்னொருவன் தன் சத்தத்தை ஏற்றும்போது கொஞ்சம் கை கூசட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவில் அவர் மைக் பிடித்துப் பேசுகிறார். வாய் அசைகிறது, சிரிக்கிறார், பெரியம்மாவைக் காட்டி ஏதோ சொல்கிறார், கூட்டம் கை தட்டுகிறது. எதுவும் கேட்காது. வீடியோக்காரர் அதன் மேல் முழுதாக ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார், இதயம் பறக்கிற கிராஃபிக்ஸோடு. அப்போது எல்லோரும் ரசித்துத்தான் பார்த்தோம். இப்போது பெரியப்பா இல்லை. அவர் பேசியது வேறு எதிலும் பதிவாகவும் இல்லை. பெரியம்மா இன்னும் அந்த சிடியைப் போட்டு உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு என்னவோ நல்ல பாட்டுதான்.

இதற்கும் லாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு இருக்கிறது.

படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். அப்புறம் வந்து திட்டுங்கள், பதில் சொல்கிறேன். "ரீலை மியூட்டில் போட்டுப் பாருங்க அண்ணா, பிரச்சினை தீர்ந்துடும்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் யோசனை சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளைதான். மியூட்டில் போட்டால் விசில் எங்கேடா கேட்கும்?